மூன்று இறகுக்கும் ஒரே அளவு

(கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு பள்ளிவாசலில், ஆடிக் காற்றுக் காலத்தில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ பயானின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

போன மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து உட்கார்ந்திருந்தேன். நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பி வந்தார். போடியில் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வில்வித்தை பயிற்சிக்குப் போகிறார். மார்க்கச் சந்தேகம் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கைப்பேசியில் இரண்டு படங்களைக் காட்டி, "ஹஜ்ரத், அம்புக்கு இறகு ஒட்டுகிற ஜிக் ஒன்று வாங்க வேண்டும். இதில் எதை வாங்கலாம்? அத்தா, காசுக்குப் பிடித்த கேடு என்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஜிக் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் அவர் விளக்கிச் சொல்லச் சொல்ல, நான் ஓதிக்கொடுத்துக்கொண்டிருக்கும் நாலைந்து ஹதீஸ்கள் எனக்கே புதிதாகப் புரிந்தன. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். முடிவில் என்னைப் பற்றி ஒரு விஷயமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்பு செய்பவருக்கும் நன்மை

முதலில் அந்த அத்தாவுக்கு ஒரு வார்த்தை. உக்பா பின் ஆமிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் திர்மிதீ, அபூதாவூத், நஸாயீ ஆகிய நூல்களில் இருக்கிறது. ஒரே ஓர் அம்பைக் கொண்டு அல்லாஹ் மூன்று பேரைச் சொர்க்கத்தில் நுழைவிக்கிறான் என்பது அதன் கருத்து. அதை எய்பவர் ஒருவர். எடுத்துக் கொடுப்பவர் ஒருவர். நல்ல நோக்கத்தோடு அதைச் செய்தவர் ஒருவர். இந்த மூவரில் செய்தவரைத்தான் பெருமானார் (ஸல்) அவர்கள் முதலில் சொல்கிறார்கள். பட்டறையில் உட்கார்ந்து தண்டைச் சீவி, இறகு வைத்துக் கட்டிய மனிதர் போர்க்களத்தையே பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் நன்மையில் அவருக்கும் பங்கு.

உஹதுப் போரில் அபூதல்ஹா (ரலி) அவர்கள் எய்த வேகத்தில் இரண்டு மூன்று விற்கள் ஒடிந்தன. அம்புக்கூட்டோடு யாராவது கடந்து போனால், அதை அபூதல்ஹாவுக்காகக் கொட்டிவிட்டுப் போகும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். புகாரியில் இருக்கிறது. அந்தக் கூடுகளில் இருந்த அம்புகளைச் செய்தவர்கள் யார்? ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. அல்லாஹ்வுக்குத் தெரியும்.

இதே உக்பா (ரலி) அவர்கள் முதுமையிலும் இரண்டு இலக்குகளுக்கு இடையே நடந்து நடந்து அம்பு எய்து பழகினார்கள். இந்த வயதில் இது உங்களுக்குச் சிரமமில்லையா என்று ஒருவர் கேட்டார். அம்பெய்தலைக் கற்றுவிட்டுக் கைவிடுவதை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததைத் தாம் கேட்டிருப்பதால்தான் விடவில்லை என்று பதில் சொன்னார்கள். இது முஸ்லிமில் உள்ளது. குதிரையோடு சேர்த்தே பேசப்படும் ராவுத்தர் என்ற பெயரைச் சுமந்துகொண்டிருக்கும் நமக்கு, குதிரையும் போய்விட்டது, வில்லும் போய்விட்டது. ஒரு பிள்ளை மறுபடியும் கையில் எடுத்தால் அதைக் கேடு என்று சொல்லாதீர்கள். கைப்பேசியில் பகல் இரவு தெரியாமல் கிடப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். இன்றைக்கு அது உலகம் மதிக்கும் விளையாட்டும்கூட. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் தனிநபர் வில்வித்தைத் தங்கத்தை வென்றவர் துருக்கி இளைஞர் மெதே காசோஸ்.

ஒற்றைக் கையா, மூன்று கையா?

சரி, ஜிக் என்றால் என்ன? லேத் பட்டறையில் வேலை செய்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். ஒரே வேலையை நூறு முறை செய்தாலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் வரும்படி பிடித்துக் கொடுக்கும் அமைப்பு. அம்பின் வாலில் மூன்று இறகுகள் இருக்கும். ஒன்றுக்கொன்று 120 டிகிரி இடைவெளி. வெறும் கண்ணால் பார்த்து ஒட்டினால் ஒன்று 118இல் நிற்கும், ஒன்று 124இல் நிற்கும், ஒன்று கொஞ்சம் சாய்ந்திருக்கும். மேசையில் வைத்துப் பார்த்தால் அழகாகத்தான் தெரியும்.

எய்தால்தான் தெரியும். அம்பு நாணை விட்டுக் கிளம்பும்போது நெளிந்துகொண்டே போகும். அதன் வாலைப் பிடித்து நேராக்குவது இறகு. இறகைக் கொஞ்சம் சாய்த்து ஒட்டினால் அம்பு பம்பரம் மாதிரிச் சுழலும். சுழலும் அம்பு நிலைத்துப் போகும். மூன்றும் ஒரே பக்கமாக, ஒரே சாய்வில் இருந்தால்தான் இது நடக்கும். ஒன்று மட்டும் மாறினால் மற்ற இரண்டும் செய்யும் வேலையை அது கெடுக்கும். அதிலும் நம் ஊர் ஆடிக் காற்றில் கேட்கவே வேண்டாம். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்று இது.

தூரம் கூடக் கூடப் பிழையும் கூடும். ஒலிம்பிக்கில் இலக்கு 70 மீட்டரில் இருக்கிறது. இலக்குத் தாளின் அகலம் 122 சென்டிமீட்டர். நடு வட்டம் 12.2 சென்டிமீட்டர்தான். கிளம்பும் இடத்தில் ஒரே ஒரு டிகிரி திசை மாறினால் 70 மீட்டரில் 1.22 மீட்டர் தள்ளிப் போகும். நடுவைக் குறி வைத்தால் தாளிலேயே படாது. கைக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பிழை அங்கே போய் ஓர் ஆள் அகலத்துக்கு மேல் ஆகிவிடுகிறது.

தம்பி காட்டிய இரண்டு படங்களுக்கு வருகிறேன். ஒன்று ஒற்றைக் கை ஜிக். உலோகத்தில் செய்தது. ஒரே ஒரு கிளாம்ப். அதில் ஓர் இறகைக் கவ்வி, அடியில் பசை தடவி, அம்புத் தண்டின் மேல் அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். காய்ந்த பிறகு அம்பின் வாலைப் பிடித்திருக்கும் குமிழைத் திருப்பினால் 'டக்' என்று சரியாக 120 டிகிரியில் நிற்கும். அடுத்த இறகு. இன்னொன்று பிளாஸ்டிக்கில் செய்தது, மூன்று கை. மூன்று இறகையும் ஒரே சமயத்தில் வைத்து மூடிவிடலாம். பசை காய 10 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஒரு டஜன் அம்புக்கு 36 இறகு, ஒற்றைக் கையில் 6 மணி நேரம். மூன்று கையில் 2 மணி நேரம். ஞாயிறு மட்டும் விடுமுறை உள்ளவருக்கு எதில் மனம் போகும்?

அவருடைய பயிற்சியாளர் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். தரமாகச் செய்த மூன்று கை ஜிக் நல்ல கருவிதான். ஆனால் மலிவான வார்ப்பில் மூன்று கைகளும் ஒன்றுபோல் இருப்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரு கை முடி அளவு சாய்ந்திருந்தால், செய்யும் ஒவ்வோர் அம்பிலும் ஓர் இறகு மற்ற இரண்டோடு சண்டை போடும். ஒற்றைக் கை ஜிக்கில் கிளாம்ப் கொஞ்சம் சாய்ந்தே இருந்தாலும் மூன்று இறகுமே அதே அளவு சாயும். பிழையும் சமமாகப் பங்காகிவிடும். அம்பு நேராகவே போகும்.

எனக்கு உடனே அவருடைய வேலை ஞாபகம் வந்தது. ஏலக்காயைத் தரம் பிரிக்கச் சல்லடை போடுகிறீர்களே, 8 எம்எம் சல்லடையில் நின்றது ஒரு விலை, விழுந்தது ஒரு விலை. அது யார் தோட்டத்துக் காய் என்று சல்லடைக்குத் தெரியுமா? உறவுக்காரர் காய்க்கு ஒரு சல்லடை, மற்றவர் காய்க்கு ஒரு சல்லடை வைத்தால் அந்தக் கடையில் யார் காய் போடுவார்? "அப்படியானால் ஒற்றைக் கையையே வாங்குங்கள் தம்பி. நேரமாகட்டும். உங்களுக்கு வேண்டியது இரண்டு டஜன் அம்புதானே" என்றேன்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன், வேறு பிள்ளைகளுக்கும் உதவும். குமிழ் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அசையாமல் நிற்கிறதா? உங்கள் தண்டின் கனத்துக்குப் பொருந்துமா? மரத் தண்டும் மூங்கில் தண்டும் தடிமன், கார்பன் தண்டு ஒல்லி. பறவையின் வலது சிறகு இறகு ஒரு பக்கம் வளையும், இடது சிறகு இறகு எதிர்ப்பக்கம் வளையும். ஓர் அம்பில் இரண்டையும் கலக்கக் கூடாது. வளைந்த கிளாம்ப் வாங்கினால் இறகின் பக்கத்துக்கு ஏற்றதாக வாங்க வேண்டும். நேர் கிளாம்ப் என்றால் இரண்டு பக்கத்து இறகுக்கும் பொருந்தும், தொடங்குபவருக்கு அதுவே போதும்.

இறகு விஷயத்தில் சில மஸாயில்

இறகு சுத்தமா என்று ஒருவர் கேட்டார். ஹனஃபீ மத்ஹபில் செத்த பிராணியின் முடி, இறகு போன்றவை அசுத்தம் அல்ல. ஷாஃபிஈ மத்ஹபினர் தங்கள் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நம் தோட்டங்களில் மயில் நிறைய மேய்கிறது. அதன் மேல் கை வைத்துவிடாதீர்கள், தேசியப் பறவை, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் பாதுகாக்கிறது. வான்கோழி இறகு போதும். உயிருள்ள பறவையிலிருந்து பிடுங்குவது எந்த மத்ஹபிலும் நமக்கு அழகல்ல. ஒரு பறவையைக் கட்டிவைத்துக் குறிபார்த்துக்கொண்டிருந்த குறைஷி வாலிபர்களைக் கண்டு இப்னு உமர் (ரலி) அவர்கள் கொதித்துப் போனார்கள். உயிருள்ளதை இலக்காக்குபவரை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததை எடுத்துச் சொன்னார்கள்.

இன்னொன்று. அம்போடு பள்ளிவாசலுக்குள் வந்த ஒருவரிடம், அதன் முனையைக் கையால் பிடித்துக்கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். கடைவீதிக்கும் இதே சட்டம்தான் என்று அபூமூஸா (ரலி) அவர்களின் அறிவிப்பில் வருகிறது. பஸ்ஸில் போகும்போது கூட்டை மூடி எடுத்துப் போங்கள். பயிற்சியாளர் இருக்கும் மைதானத்தில் மட்டும் எய்யுங்கள். தோப்புக்குள் ஒளிந்து பழகாதீர்கள், யார் குறுக்கே வருவார்கள் என்று தெரியாது. திறந்த இடத்தில், நாலு பேர் பார்க்கப் பழகுவது உங்களுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

ஒரு சிறுவர் கண்ட இரண்டு காட்சிகள்

அரபியில் அம்பின் இறகுக்கு 'குத்தத்' என்று பெயர். ஓர் இறகை வெட்டும்போது மற்றதன் மேல் வைத்து அளந்து வெட்டுவார்கள். அதனால் இரண்டு பொருள்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால் இறகுக்கு இறகு என்று சொல்வது அரபுகளின் வழக்கு. முன்சென்ற சமூகத்தாரின் வழிகளை இந்தச் சமூகத்தின் தீயவர்கள் அப்படியே பின்பற்றுவார்கள் என்று எச்சரிக்கும் இடத்தில் இந்த உவமையையே நாயகம் (ஸல்) அவர்கள் பயன்படுத்தியதாக ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது. அம்பு செய்யும் வேலை அந்த மக்களின் நாக்கில் அவ்வளவு பழகியிருந்தது.

இப்போது நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களிடம் வருவோம். ஹிஜ்ரத்துக்குப் பிறகு அன்ஸாரிகள் வீட்டில் பிறந்த முதல் குழந்தை என்று சொல்லப்படுபவர். நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் சின்னப் பையன். அவர் சொல்கிறார்: நாயகம் (ஸல்) அவர்கள் எங்கள் ஸஃப்களை எப்படி நேராக்குவார்கள் என்றால், அம்புத் தண்டுகளை நேராக்குவது போல நேராக்குவார்கள். ஒரு நாள் தக்பீர் சொல்லப்போகும் நேரத்தில் ஒருவருடைய நெஞ்சு மட்டும் வரிசையை விட்டு முன்னால் தள்ளியிருப்பதைக் கண்டார்கள். ஸஃப்களை நேராக்குங்கள், இல்லையென்றால் அல்லாஹ் உங்கள் முகங்களுக்கிடையே வேற்றுமையை உண்டாக்கிவிடுவான் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். முஸ்லிமில் உள்ள ஹதீஸ். இன்றைக்கு நமக்கு விரிப்பிலேயே கோடு போட்டிருக்கிறார்கள். அதுவும் ஒரு ஜிக்தான். கோடு இருந்தும் கோணலாக நிற்கிறோம் என்பது வேறு கதை.

இதே நுஃமான் (ரலி) அவர்களின் வாழ்க்கையில் இன்னொரு சம்பவம். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அவருடைய தந்தை பஷீர் (ரலி), இந்த மகனுக்கு மட்டும் ஓர் அன்பளிப்புக் கொடுத்தார். தாய் அம்ரா பின்த் ரவாஹா (ரலி), இதற்கு நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்கினால்தான் எனக்குத் திருப்தி என்றார். தந்தை மகனோடு போனார். நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. உம்முடைய மற்றப் பிள்ளைகளுக்கும் இதே போலக் கொடுத்தீரா? இல்லை என்றார். அல்லாஹ்வை அஞ்சி, பிள்ளைகளுக்கிடையே நீதமாக நடக்கச் சொன்னார்கள். அநீதிக்குத் தம்மைச் சாட்சியாக்க வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். பஷீர் (ரலி) அவர்கள் வீடு திரும்பிக் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

கவனியுங்கள். அந்தப் பையனுக்கு வர வேண்டிய சொத்து போய்விட்டது. வளர்ந்த பிறகு அவர் அதை மறைக்கவில்லை, தானே அறிவிக்கிறார். ஸஃப்பு அம்பு போல நேராக்கப்பட்டதைச் சொன்ன அதே நாவு இதையும் சொல்கிறது.

நான் போட்ட கையெழுத்து

இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். சில வருடங்களுக்கு முன்பு, இந்த ஊர் அல்ல, நான் முன்பு இமாமத் செய்த ஊர். ஒரு பெரியவர். மலையில் ஏலத்தோட்டம், கீழே திராட்சைக் கொடிக்கால். இரண்டு ஆண், ஒரு பெண். தோட்டத்தையும் கொடிக்காலையும் சின்ன மகன் பெயரில் செட்டில்மெண்ட் எழுதினார். கூட இருந்து பார்த்துக்கொள்வது அவன்தானே என்றார். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். மதிப்பானவர், பள்ளிக்கு வாரி வழங்கியவர். நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஹதீஸை அதற்கு முந்தைய வாரம்தான் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்திருந்தேன். மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்தீர்களா என்ற ஒரு கேள்வி. கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு வருடத்தில் அவர் மௌத்தானார். ஜனாஸாத் தொழுகையை நான்தான் நடத்தினேன். தக்பீர் கட்டும் முன் திரும்பிப் பார்த்தேன். மூத்தவர் வலது ஓரத்தில், இளையவர் இடது ஓரத்தில். நடுவில் ஊரே நிற்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மகள் மய்யித்தைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். முகங்களுக்கிடையே வேற்றுமை என்ற சொல்லை நான் எத்தனையோ முறை மொழிபெயர்த்திருக்கிறேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன். தோளைத் தொட்டு நேராக்கும் ஸஃப்பு அல்ல அது. எழுதும் இடத்தில் ஒரு டிகிரி, அங்கே போய் இவ்வளவு தூரம்.

அந்தப் பெரியவர் கெட்டவர் இல்லை. கண்ணால் பார்த்து இறகு ஒட்டினார். பக்கத்தில் இருந்த பிள்ளை கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தான்.

சட்டத்தைச் சொல்கிறேன். வாரிசுரிமை என்பது மௌத்துக்குப் பிறகு, அதன் பங்குகளை அல்லாஹ் குர்ஆனில் வகுத்துவிட்டான். உயிரோடு இருக்கும்போது கொடுப்பது ஹிபா. அதில் பிள்ளைகளைச் சமமாக நடத்துவது கட்டாயம் என்கிறார்கள் இமாம் அஹ்மத் (ரஹ்). நம் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) உள்ளிட்ட பெரும்பாலோர், அது விரும்பத்தக்கது, காரணமின்றி ஒருவருக்குக் கூட்டிக் கொடுப்பது வெறுக்கத்தக்கது என்கிறார்கள். ஒரு பிள்ளை ஊனமுற்றவர், தீராத நோயாளி, கடனில் மூழ்கியவர் என்றால் தேவைக்காகக் கூடக் கொடுப்பதை ஆலிம்கள் அனுமதித்திருக்கிறார்கள். அப்போதும் மற்றப் பிள்ளைகளை உட்காரவைத்து, காரணத்தைச் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு செய்யுங்கள். கூட இருந்து உழைக்கும் மகனுக்கு உழைப்புக்கான கூலியைக் கணக்குப் போட்டுக் கொடுங்கள், அது அவன் உரிமை. கூலியையும் அன்பளிப்பையும் ஒரே பத்திரத்தில் குழப்பாதீர்கள்.

ஏற்கனவே எழுதிவிட்டவர்கள் இங்கே இருப்பீர்கள். திரும்ப வாங்கலாமா என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் மற்றப் பிள்ளைகளுக்கும் கொடுத்துச் சமப்படுத்த ஒரு தடையும் இல்லை. உயிர் இருக்கும்வரை வழி திறந்திருக்கிறது. வாங்கிய பிள்ளை நீங்களாக இருந்தால், அத்தா இல்லாவிட்டாலும் உங்கள் உடன்பிறந்தவர்களுக்கு ஒரு பங்கை நீங்களே எடுத்துக் கொடுக்கலாம். அந்தப் பெரியவரின் சின்ன மகனிடம் போய் நான் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டு, இதைத்தான் சொன்னேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார். துஆ செய்யுங்கள். இனி என்னிடம் சாட்சிக்கு வருபவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நேற்று மஃரிபுக்குப் பிறகு அந்தத் தம்பி வந்தார். முதல் அம்பு முடிந்துவிட்டதாம். வாசலிலேயே முனையை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். இரண்டு இறகு வெள்ளை, ஒன்று சிவப்பு. சிவப்பு ஏன் என்றேன். நாணில் பூட்டும்போது எது எந்தப் பக்கம் என்று தெரிவதற்காம், நிறம்தான் வேறு, அளவு ஒன்றுதான் என்றார். முனையைக் கட்டைவிரல் நகத்தில் ஊன்றி விரலால் சுழற்றிக் காட்டினார். ஆட்டமில்லாமல் நின்று சுழன்றது. அவருடைய அத்தாவும் கூட வந்திருந்தார், ஒன்றும் பேசவில்லை, மகனிடமிருந்து வாங்கித் தானும் ஒரு முறை சுழற்றிப் பார்த்தார்.

நேரமாகிவிட்டது. சுன்னத் தொழாதவர்கள் எழுந்து தொழுதுகொள்ளுங்கள். பின்னால் இருப்பவர்கள் முன் ஸஃப்பில் உள்ள இடைவெளியை நிரப்பி உட்காருங்கள். அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.